செம்பில் இருந்தது தண்ணீர்தான்

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குக் கடிதம் எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள். ஒரே தீவில் இருக்கிறோம். நீ தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் அத்தை வீட்டில் இருக்கிறாய், நான் ஊருக்குள் இருக்கிறேன். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நேரில் வந்து பேசிவிட்டுத் திரும்பலாம். ஆனால் நேரில் வந்தால் நான் பேசமாட்டேன் என்று எனக்கே தெரியும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இருந்தும் நாலு பேர் நடுவில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க அந்தப் பட்டம் எனக்குக் கற்றுத் தரவில்லை. பெற்றவள் எழுதவேண்டிய கடிதத்தை நான் எழுதுவதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். உனக்கும் எனக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம். நான் உன் அப்பாவை மணந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ என்னை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. ஏதாவது வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பாய். நான் எதையோ செய்துகொண்டே காது கேட்காதவள் மாதிரி நின்றிருக்கிறேன். அதற்குக்கூட உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அத்தை பிரித்துப் பார்க்கலாம் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் தபாலில் போடாமல், உன் அப்பாவின் சரக்குக் கிட்டங்கிக்கு ஜாதிக்காய் மூட்டை கொண்டு வருபவரிடம் கொடுத்து, உன் கையிலேயே தரவேண்டும் என்று சொல்லியனுப்புகிறேன். ஒரு கடிதத்தைக் கொடுப்பதற்கே இத்தனை யோசிக்கும் பெண்ணை நம்பலாமா என்று உனக்குத் தோன்றினால் அது நியாயம்தான். இந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உன் கல்யாணத்துக்காக அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் நீங்கள் புறப்படுகிறீர்கள். அப்பா வருகிறார், அத்தை வருகிறார். என்னைப் பற்றி அண்ணி, அதாவது உன் அத்தை, ஒரு சொல் சொல்லியனுப்பியிருந்தார்: "வீட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல. அவ இருக்கட்டும்." உன் அப்பா அதற்கும் தலையாட்டினார். உன் கல்யாணத்தைப் பார்ப்பதற்காக அவர் எதற்கும் தலையாட்டுவார். நடக்க முடியாது என்றாலும் தவழ்ந்து போய்க் கப்பலில் ஏறுவார். அவரைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவர் உயிரோடு போய்ச் சேர்ந்து உயிரோடு திரும்பி வரவேண்டும். அதற்கு நீ சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளவேண்டும். அவற்றில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. தெரிந்த பாதியையும் வேறு மாதிரி தெரிந்து வைத்திருக்கிறாய் என்பது என் எண்ணம்.

அப்பாவுக்கு வெகு காலமாக மூக்கடைப்பும் பீனிசமும் உண்டு என்பது உனக்குத் தெரியும். அதை மூக்குப்பொடியால் சமாளித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது தலைவலியை விட்டுவிட்டுப் போனது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், உள்ளே, யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்பார். பிறகு தாகம் தொடங்கியது. நீ தைப்பிங் ஊரில் வேலையில் இருந்ததால் அந்தத் தொடக்கத்தைப் பார்க்கவில்லை. கூஜாவை வாயில் கவிழ்த்தால் காலியாகும் வரை எடுக்கமாட்டார். குடித்த தண்ணீர் குடித்தபடியே, நிறமில்லாமல், வெளியே போகும். ஆள் இளைத்தார். வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டார். கன்னத்தில் மயிர் வளர்வது குறைந்து, சவரக்காரர் "என்னாண்ணே, எனக்கு வேல வைக்க மாட்டேங்கிறீங்க" என்று கேலி செய்யும் அளவுக்கு ஆனது. ஜாதிக்காயை மோந்து பார்த்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்கிறவர், மூட்டைக்குள் கையைவிட்டு எடுத்து மோந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பதை நான் பார்த்தேன்.

ஊரிலிருந்து வந்த வைத்தியர் நாடி பார்த்து நீரிழிவு என்றார். தண்ணீர் குடிக்கக் குடிக்கத்தான் நீர் போகும், ஆகவே தண்ணீரைக் குறைக்கவேண்டும் என்றார். அன்றிலிருந்து, தம்பியைப் பார்த்துக்கொள்ள நம் வீட்டில் வந்து தங்கியிருந்த அண்ணி பானையைத் தன் அறையில் வைத்துக்கொண்டார். கேட்டால் ஒரு டம்ளர், அதுவும் அவர் கையால். நான் கல்லூரியில் தாவரமும் பிராணியும் படித்தவள், வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனாலும் ஒன்று எனக்கு உறுத்தியது. நீரிழிவுக்காரர் நீர் விட்ட இடத்தில் எறும்பு வரும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்கட்டில் அந்த இடத்தை நான் தினமும் கழுவுகிறேன். ஒரு எறும்புகூட வரவில்லை. சர்க்கரை இல்லாத நீரிழிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்கவும் தைரியமில்லை. ஆனால் அவர் உதடு வெடித்து ரத்தம் வருவதும், குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்பதும் எனக்குத் தெரிந்தது. அதனால் நான் திருட்டுத்தனமாகக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்போது ஒரு நாள், நீ லீவில் வந்திருந்தாய். பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நான் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் அப்படிக் குடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். நீ வந்து நின்றதும் நான் செம்பை முந்தானைக்குள் மறைத்தேன். மறைத்திருக்கக் கூடாது. "என்ன அது?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அண்ணியின் காதில் விழுந்தால் பானையோடு செம்புக்கும் பூட்டு விழுந்துவிடும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. நீ என் முகத்தைப் பார்த்தாய், அப்பாவின் வாயைப் பார்த்தாய். பிறகு என் கையிலிருந்து செம்பை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாய். என்மேல் சந்தேகம் பிறந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த நாட்களில் அது வளர்ந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டு இலையில்தான் அது வளர்ந்தது. நான் பரிமாறும் இலையில் இடது ஓரத்தில் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே இருக்கும். வலது ஓரத்துக் கூட்டும் அப்படியே இருக்கும். நடுவில் இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, உப்பே இல்லை என்று முகம் சுளித்து எழுந்துவிடுவார். அண்ணி உன்னைக் கூப்பிட்டு இலையைக் காட்டினார். "பாத்தியா மருமவனே. அவ வச்சதுல எதத் தொடலாம் எதத் தொடக்கூடாதுன்னு அவன் ஒடம்புக்கே தெரியுது. பி.ஏ. படிச்ச கைப்பக்குவம் லா இது. ஆளையே கரைச்சுட்டா." நீ இலையைக் குனிந்து பார்த்தாய். அதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன்.

அன்று மாலை கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வைக்கும் உப்பை நடுவில் வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார். நடுவில் வைக்கும் பொரியலை ஓரத்துக்குக் கொண்டுபோனேன், தொடவில்லை. மறுநாள் இரண்டையும் மாற்றினேன். ஓரத்தில் எது இருந்தாலும் அது அவருக்கு இல்லாததாகிவிட்டது. பிறகு அவர் நடப்பதைக் கவனித்தேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், இடது தோளும் இடிக்கிறது, வலது தோளும் இடிக்கிறது. பாசாருக்குப் போகும்போது பக்கத்தில் வரும் ரிக்‌ஷாவைப் பார்க்காமல் காலை வைக்கிறார். வண்டிக் குதிரையின் கண்ணுக்கு இரண்டு பக்கமும் தோல் மறைப்புக் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி யாரோ அவருக்குக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. இதை அன்றே சொல்லியிருக்கவேண்டும். யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உன்னிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை முன்கூடம் வரை வந்தேன். நீ பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் திரும்பிப் போய்விட்டேன்.

அதற்குள் நீயும் அண்ணியும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அந்த ஆளை அழைத்துவந்தீர்கள். சோற்றில் வைத்த இடுமருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவர். அவர் அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "பொம்பள கையால வச்சது. வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. லேசுல வராது லா" என்றார். தண்ணீருக்காக ஏங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு ஏதோ இலைச்சாற்றைக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார்கள். வாந்தியில் ஒரு கறுப்பு உருண்டை விழுந்தது. எல்லோரும் உருண்டையைப் பார்த்தீர்கள். நான் மருந்து எடுக்க வந்தவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைப் பிடிக்க வரும்போது மூடியிருந்த வலது கை, உருண்டை விழுந்த பிறகு திறந்திருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. அது எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். அண்ணி அழுதுகொண்டே கும்பிட்டார். அந்த அழுகை பொய்யில்லை. தம்பி பிழைத்தான் என்ற அழுகை அது. உன் அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது, கை சில்லிட்டுவிட்டது, கூப்பிட்டால் பதிலில்லை. அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதை நீயே அறிவாய். ரிக்‌ஷாவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நீதான்.

ஆஸ்பத்திரியில் ஊசி மூலம் உப்பு நீர் ஏற்றினார்கள். கண் திறந்தார். அங்கே இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் மறுநாள் என்னை வெளியே கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, உன் அப்பாவின் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார். மூளைக்கு அடியில் ஏதோ கோளாறு என்று படுகிறது, சிலருக்கு ஒரு கெட்ட நோய் ரத்தத்தில் வெகுகாலம் தங்கி அந்த இடத்தில் கட்டியாக வருவதுண்டு, ரத்தம் எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். இதை ஒரு மகனுக்கு எழுதக்கூடாதுதான். ஆனால் சந்தேகம் உன்னிடம் மட்டும் இருந்தது என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பதில் வரும்வரை நான் உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு விசிறிக்கொண்டே, அவருடைய வாழ்க்கையில் நான் இல்லாத வருஷங்களையெல்லாம் மனத்துக்குள் துருவிக்கொண்டிருந்தேன். கப்பல்காரர்களோடு பழகிய வியாபாரி, மனைவியை இழந்தவர். அவர் தண்ணீர் கேட்டால் கொடுத்தேன், முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். அவர் ஒரு தடவை, படித்தவள் என்று என்னை எப்போதும் கேலியாக அழைப்பதுபோல், "என்ன டீச்சரம்மா, மொகத்த அந்தப் பக்கம் வச்சிக்கிட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? அந்தப் பக்கந்தான் எனக்குத் தெரியறதில்ல" என்று சிரித்தார். ரத்தத்தில் அந்த நோய் இல்லை என்று பதில் வந்தது. விசிறுவதை நிறுத்தாமல் அழுதேன்.

அவர் வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தைதான் என் வாயைத் திறக்கவைத்தது. டாக்டர் வந்ததும் இலையைப் பற்றிச் சொன்னேன். எறும்பைப் பற்றியும் சொன்னேன். குரல் எழவில்லை, அவர் குனிந்து கேட்டார். "இலையில ரெண்டு பக்கமும் விடுறாரோ? எப்ப துவங்கி?" என்றார். அப்பாவை நேராகத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, இரண்டு கை விரலையும் காதுப்பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். விரல்கள் கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அப்பா "தெரியுது" என்றார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் அவரின்ர நாடியப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறம். நீங்கள் இலையைப் பாத்திருக்கிறியள். இதை நேற்றே சொல்லியிருக்கலாமே, பிள்ளை." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு அடியில், மூக்கின் கூரைக்கு மேலே, குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழிக்குள் கொண்டைக்கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்று பெயர். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைப்பது, உடம்புச் சூடு, தெம்பு, ஆண்மை எல்லாம் அதன் சொல்லைக் கேட்டு நடப்பவை. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் அதற்கு நேர் மேலே ஒன்றையொன்று கடக்கின்றன. அது வீங்கினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கத்துப் பார்வை போய்விடும். எக்ஸ்ரே எடுத்தபோது அந்தச் சேணம் அகன்று, அடித்தளம் காகிதம்போல் மெலிந்திருந்தது. கட்டியா, சீழா என்பதுதான் கேள்வி. காய்ச்சலில் தொடங்கியதாலும், பக்கத்திலேயே பீனிசம் பிடித்த மூக்கின் உள்ளறை இருப்பதாலும் சீழாக இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். புத்தகத்தில் படித்திருக்கிறாராம், கண்ணால் கண்டதில்லையாம். "பயப்பிட வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். விட்டால் மூளைக்குப் பரவும். திறந்தால் பிழைக்கவும் கூடும், பிழைக்காமல் விடவும் கூடும்." அந்த ஒரு மனிதரைத்தான் அந்த நாட்களில் நான் சந்தேகப்படவில்லை. நம்பு என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

மூக்கு வழியாகத்தான் திறந்தார்கள். வெளிநாட்டில் அந்த முறையைக் கற்றுவந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் செய்தார். மூக்குக்குள் மரத்துப்போகும் மருந்தைப் பஞ்சில் தோய்த்து வைத்து, உன் அப்பாவை உட்காரவைத்தே, விழித்திருக்கும்போதே செய்தார்கள். நீயும் நானும் தாழ்வாரத்தின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். எலும்பின் அடித்தளத்தை உடைத்ததும் பச்சையாகச் சீழ் இறங்கியதாம். பிறகு ஒரு நாள் அப்பா சொன்னார்: "கிட்டங்கிக் கதவ யாரோ உள்ளேருந்து தட்டுற மாதிரி மண்டைக்குள்ள சத்தம். தொறந்து விடுங்கப்பான்னு கத்தணும்போல இருந்துச்சு." மூக்குக் கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே, படுக்கையில் கிடந்தபடி, "டீச்சரம்மா, இந்த ரூம்புல ஜன்னல் ரெண்டா? முன்ன ஒண்ணுதானே இருந்துச்சு" என்றார். நீ அப்போது அறையில் இருந்தாய். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாய், வெகுநேரம் திரும்பவில்லை.

இனி நீ எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த டாக்டர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "உங்கட மகன் கெட்டிக்காரன். அப்பாவை இங்கை சேர்த்த அண்டு ஒரு போத்தில்ல தண்ணி கொண்டுவந்து, இதில நஞ்சு கிடக்கோ பாருங்கோ எண்டவர். பாத்தனாங்கள். பச்சைத் தண்ணி. அண்டைக்கே அவருக்குச் சொல்லிப்போட்டன்." நீ செம்பை எடுத்துப் போனது அதற்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. தம்பி, எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் அத்தனை பேர் அத்தனை விதமாகச் சந்தேகப்பட்டோம். போய்ச் சோதித்துப் பார்த்தவன் நீ ஒருவன்தான். எனக்கு விளங்காமல் இருந்தது அதற்குப் பிறகு நீ நடந்துகொண்ட விதம். பதில் தெரிந்த பிறகும் நீ அத்தையிடம் சொல்லவில்லை. அத்தை என்னை மருந்து வைத்தவள் என்று பாலிக் புலாவ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று நான் பல மாதம் நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். செம்பில் தண்ணீர்தான் இருந்தது என்று சொன்னால், பூட்டி வைத்ததும் தண்ணீரைத்தான் என்று அடுத்த வார்த்தை வந்துவிடும். அதை அத்தையின் முகத்துக்கு நேரே உன்னால் சொல்ல முடியவில்லை. உனக்கு நீயே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. நான் நினைப்பது சரியாக இருந்தால், நீ அதைச் சுமக்கவேண்டாம். பானையை எடுத்து வைத்தது அன்பினால்தான். நான் இதை உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆனால் இன்னொன்றை அவரிடம் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்லவேண்டும். சீழ் போனாலும் அந்தச் சுரப்பியின் பின்பாதி செத்துவிட்டது. அதனால் தாகம் நிற்கவில்லை. அதற்கு ஒரு பொடி இருக்கிறது, மூக்கில் உறிஞ்சவேண்டும். அவருடைய வெள்ளி மூக்குப்பொடி டப்பாவில் புகையிலைக்குப் பதிலாக இப்போது அதுதான் இருக்கிறது. காலையும் மாலையும் நான் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். அது என்ன பொடி என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். மாட்டின் மூளைக்கு அடியில் இருக்கும் அதே சுரப்பியை எடுத்து, உலர்த்தி, அரைத்தது. முட்டைகூட வாசல் தாண்டாத வீடு நம்முடையது. அவர் உயிருக்கு அது வேண்டும் என்பதால் சொல்லாமலே கொடுத்துவந்தேன். அவள் ஏதோ வைக்கிறாள் என்று அத்தை சொன்ன பொய் அதன்பிறகு பொய்யாக இல்லை. டப்பாவை மூடும்போதெல்லாம் என் கையை நானே கவனித்தேன், சிம்பாங் அம்பாட்காரரின் கையைக் கவனித்த மாதிரி.

நீங்கள் கப்பல் ஏறும் செய்தி வந்ததும் இனி மறைக்க முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். டப்பாவை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அதான் கொஞ்ச நாளா ரோட்டுல மாட்டு வண்டி வந்தா ஒதுங்கி நின்னு வழி விடத் தோணுது" என்றார். நான் சிரிக்கவில்லை. "கோச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "கோவந்தான். மொதல்லயே சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பேன். இப்ப இவ்வளவு நாளு உசுரோட இருந்துட்டேன், இப்பப் போயி எப்படி வேண்டாங்கிறது?" என்றார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். "அக்காகிட்ட மூச்சு விடாதே. பையன்கிட்ட சொல்லிடு. சந்தேகப்படுறதா இருந்தா அவன் வெவரம் தெரிஞ்சுக்கிட்டுச் சந்தேகப்படட்டும்." அவர் சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாய். தெரியாத வீட்டிலிருந்து ஒரு பெண் வருவாள். அவள் பேசாமல் இருந்தால் அழுத்தக்காரி என்பார்கள், பேசினால் வாயாடி என்பார்கள். அவள் எதையாவது முந்தானையில் மறைத்தால், அது என்னவென்று இன்னொருமுறை கேள். முதல் கேள்விக்குப் பதில் வராது, பயத்தில் இருப்பாள். இரண்டாவது தடவை, கொஞ்சம் தணிந்த குரலில், யாரும் இல்லாதபோது கேள். இதைத் தவிர உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது பொடி விஷயம். கப்பலில் நீதான் கொடுக்கவேண்டும் என்று நினைத்து, எப்படிக் கொடுப்பது என்று தனித்தாளில் எழுதத் தொடங்கினேன். காலையில் ஒரு சிட்டிகை என்று எழுதினேன். ஆனால் கடல் காற்றில் பொடி ஈரம் வாங்கினால் அந்தச் சிட்டிகை போதாது. அவர் உதட்டை நாக்கால் தடவ ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று எழுதினேன். ஆனால் அவர் வெற்றிலை போட்ட பிறகும் அப்படித்தான் தடவுவார், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அதை எழுதத் தெரியவில்லை. அதிகமானால் முகம் லேசாக உப்பும், பேச்சு மந்தமாகும், அப்போது தண்ணீரையும் குறைக்கவேண்டும். குறைவானால் தண்ணீரைத் தடுக்கவே கூடாது. ஒரே மனிதருக்குக் காலையில் தண்ணீர் உயிர், மாலையில் தண்ணீர் ஆபத்து. சளி பிடித்து மூக்கடைத்தால் பொடி ஏறாது, அப்போது ஊசி போடவேண்டும், ஊசி என்னிடம் இருக்கிறது. வாந்தி வந்தால் உப்புக் கஞ்சி கொடுத்து உடனே கப்பல் டாக்டரைக் கூப்பிடவேண்டும். வெறும் மயக்கம் என்று விட்டுவிடக்கூடாது. இப்படி எழுதி எழுதி அடித்து, கடைசியில் தாளைக் கிழித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் இது தெரியும். அதை ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான்.

ஆகவே இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்கிறேன். என்னையும் கப்பலில் அழைத்துக்கொண்டு போ. டெக்கில் பெண்கள் பக்கம் ஒரு பாய் விரிக்க இடம் போதும். மணவறைப் பக்கம் வரமாட்டேன். உன் அம்மாவின் இடத்தில் நிற்கமாட்டேன். பெண் வீட்டார் யாரென்று கேட்டால், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவள் என்று சொல், அது பொய்யில்லை. அத்தை மறுத்தால், உனக்கு என்மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றே அவரிடம் சொல்லிவிடு. சந்தேகத்துக்குரியவளைக் கடலுக்கு இந்தப் பக்கம் தனியாக விட்டுவிட்டுப் போவதைவிட, கண்முன்னால் வைத்துக் கண்காணிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று சொல். அதை அவர் ஒப்புக்கொள்வார். நீ என்னைக் கண்காணித்துக்கொண்டிரு, தம்பி. நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சின்னம்மா